நகரும் கரைக்குச் சின்னச் சின்னத் திருத்தங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைவோருக்கு

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் நான்கு கூட்டமாகக் கிடக்கின்றன. ஆனால் கீழக்கரைக் கூட்டத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் கூட்டத்து விலாங்குசல்லியும் இன்று நீருக்கு மேலே இல்லை. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அலை அரிப்பும் சேர்ந்து அவற்றைக் கடலுக்குள் இறக்கிவிட்டன. அரிச்சல்முனைக்கு அப்பால் இருக்கும் மணல் தீடைகள் பருவத்துக்குப் பருவம் உருவம் மாறுகின்றன. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி முனை வரைக்கும் 2017இல் சாலை வந்தது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தார்கள். இந்தக் கரையை ஒருமுறை வரைந்து மூடி வைக்க முடியாது. எந்த ஒருவராலும் தனியாக வரைந்து தரவும் முடியாது.

2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இந்த மாதிரி இடத்துக்கென்றே அமைந்தது போல எனக்குத் தோன்றும். ஒருவர் ஊருக்கு ஒரு புள்ளி வைப்பார். இன்னொருவர் அதற்குத் தமிழ்ப் பெயர் சேர்ப்பார். மூன்றாமவர் புள்ளி குளத்துக்குள் விழுந்திருப்பதைப் பார்த்துப் பள்ளிவாசல் பக்கம் நகர்த்துவார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியும் வேலை கூடிக்கொண்டே போவதற்குக் காரணம், ஒவ்வொரு திருத்தமும் அடுத்தவர் சரிபார்க்கும் அளவுக்குச் சிறிதாகவும், எதற்காகச் செய்தது என்ற குறிப்போடும் இருப்பது. திருத்தம் பெரிதாகும்போதும் காரணம் சொல்லாமல் விடும்போதும்தான் இந்த ஏற்பாடு உடைகிறது. இந்தப் பதிவில் வரும் எல்லாச் செய்முறையும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் மூன்றே வகைப் பொருள்கள்: நோட் என்னும் புள்ளி, புள்ளிகளைக் கோத்த வே என்னும் கோடு, இவற்றைச் சேர்த்துக் கட்டிய ரிலேஷன். புள்ளியின் இருப்பிடம் தசமத்துக்குப் பிறகு 7 இலக்கம் வரை சேமிக்கப்படுகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நுணுக்கம். நம் கையில் இருக்கும் போன் அதில் நூறில் ஒரு பங்கு துல்லியம்கூடத் தராது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கோட்டில் 2000 புள்ளிக்கு மேல் கூடாது. இது குளம், இது தெரு, இது மசூதி என்று சொல்வது டேக். ஒரு சாவி, அதற்கு ஒரு மதிப்பு. இந்தப் பதிவில் டேக்குகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் பதிப்பு எண் உண்டு. தொண்டியில் ஒரு தெருவின் 4ஆம் பதிப்பை நீங்கள் இறக்கிவைத்துத் திருத்துகிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் பதிவேற்றும் முன்பே வேறொருவர் அதே தெருவைத் திருத்தி 5ஆம் பதிப்பாக்கிவிட்டால், சர்வர் உங்கள் திருத்தத்தை 409 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். ஒன்றும் தொலைந்துவிடவில்லை. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது சரியோ அதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஒரு கோடு பயன்படுத்திக்கொண்டிருக்கும் புள்ளியை அழிக்கப் பார்த்தால் 412 வரும்.

இந்த முறைக்குப் பின்னால் கணினியியலில் நீண்ட வாதம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த, கோப்புகளின் பதிப்புகளைக் காத்துவைக்கும் ஆர்சிஎஸ் போன்ற கருவிகளில் ஒருவர் கோப்பைத் திறந்தால் அதைப் பூட்டிவிடுவார், அவர் விடும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். 1981இல் குங், ராபின்சன் இருவரும் எழுதிய கட்டுரை, பூட்டே போடாமல் எல்லோரும் வேலை செய்யட்டும், முடிக்கும்போது மோதல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற முறையை முன்வைத்தது. மோதல் அரிதாக நடக்கும் இடத்தில் இதுதான் மலிவு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2009 ஏப்ரலில் கொண்டுவந்த 0.6 இடைமுகம் (எடிட்டர்கள் சர்வரோடு பேசும் வழி) இதே முறையைத்தான் எடுத்தது. மோதலின் வாய்ப்பு இரண்டைப் பொறுத்தது: எத்தனை பொருளைத் தொடுகிறீர்கள், இறக்கியதற்கும் ஏற்றியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள். சிக்னல் கிடைக்காத முனைகளில் வேலை செய்பவர்கள் வாரக்கணக்கில் பழைய தரவை வைத்துத் திருத்திவிட்டு மொத்தமாக ஏற்றினால் மோதல் வரிசையாக நிற்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் புதிய தரவை இறக்குங்கள், பிறகு குறிப்பேட்டைப் பார்த்து மாற்றங்களைச் செய்து அன்றைக்கே ஏற்றிவிடுங்கள்.

மாற்றங்கள் போகும் மூட்டைக்குச் சேஞ்ச்செட் என்று பெயர். ஒன்றில் 10,000 மாற்றம் வரை வைக்கலாம். ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் மூடிவிடும், எப்படியும் 24 மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்காது. இந்த 10,000 என்ற எண்ணை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையால் வரைபவருக்கு 50 மாற்றத்துக்குள் ஒரு மூட்டை என்பது நல்ல பழக்கம். எண்ணிக்கையைவிட முக்கியமானது பரப்பு. தொண்டியில் ஒரு கடையும் மூக்கையூரில் ஒரு தெருவும் ஒரே மூட்டையில் போனால், அதன் எல்லைச் சதுரம் மாவட்டத்தின் பெரும்பகுதியை மூடிவிடும். மற்றவர்களின் மாற்றங்களைக் கண்காணிக்க உதவும் ஓஎஸ்எம்சா போன்ற கருவியில் கீழக்கரையைக் கவனித்துவரும் ஒருவருக்குத் தேவையில்லாமல் உங்கள் மூட்டை வந்து நிற்கும். நாலு தடவை அப்படி வந்தால் அவர் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். ஒரு ஊர், ஒரு வகை வேலை, ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதுவதைப் பலர் கடனே என்று செய்கிறார்கள். "திருத்தம்" என்று ஒற்றைச் சொல் போட்டால் யாருக்கும் பயனில்லை. "நம்புதாளை: மூன்று தெருக்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்த்தேன், தெருப் பலகையை நேரில் பார்த்தது" என்று எழுதினால் இடம், செயல், ஆதாரம் மூன்றும் வந்துவிடுகின்றன. ஐந்து வருடம் கழித்து அந்தப் பெயர் தவறா என்று யோசிப்பவருக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

இனி கரைக்கோடு. இந்தக் கடலோரத்தில் அதிகம் தவறு நடக்கும் இடமும், தவறினால் அதிகம் சேதமாகும் இடமும் இதுதான்.

நேச்சுரல்=கோஸ்ட்லைன் என்ற டேக் போட்ட கோட்டுக்குத் திசை உண்டு. வரையும் திசையில் போனால் இடக்கைப் பக்கம் நிலம், வலக்கைப் பக்கம் நீர். ஆகவே ஒரு தீவைச் சுற்றிய கோடு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். குருசடைத் தீவையோ முயல் தீவையோ திருத்தும்போது தவறுதலாகத் திசையைப் புரட்டிவிட்டால், மென்பொருளின் கணக்கில் தீவு குளமாகிவிடும், சுற்றியுள்ள கடல் நிலமாகிவிடும். கரைக்கோட்டுத் துண்டுகள் ஒன்றின் கடைசிப் புள்ளியும் அடுத்ததன் முதல் புள்ளியும் ஒரே புள்ளியாக இருக்கும்படி கோத்திருக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

உலகம் முழுவதற்கும் கரைக்கோடுகளைச் சேர்த்து நிலப் பரப்புகளாக்கும் வேலையைத் தனி மென்பொருள் ஒன்று செய்கிறது. எங்காவது கோடு அறுந்திருந்தால் அந்த வேலை தடைப்படும். அதனால் தெருவில் செய்த திருத்தம் சில நிமிடங்களில் வரைபடத்தில் தெரிவது போலக் கரைக்கோட்டுத் திருத்தம் தெரியாது, நாள்கள் ஆகலாம். புதியவர்கள் செய்யும் பிழை இங்கேதான்: தெரியவில்லையே என்று மறுபடியும் வரைவார்கள், பழையதன் மேலேயே இன்னொரு கோடு விழும். ஏற்றியது ஏறியிருக்கிறதா என்று பொருளின் வரலாற்றுப் பக்கத்தில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். எண் கூடியிருந்தால் காத்திருங்கள்.

கோடு எங்கே போக வேண்டும்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் உயர்ந்த நீரேற்றம் தொடும் இடங்களின் சராசரிக்கு. செயற்கைக்கோள் படம் எடுத்த நொடியில் ஈரமாக இருந்த இடத்துக்கு இல்லை. நம் பக்கம் நீரேற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாய்வான மணற்கரையில் 0.6 மீட்டர் நீர்மட்ட வேறுபாடு, கரையில் 30 மீட்டர் ஆகிறது. பாக் நீரிணைப் பக்கத்துச் சேற்றுக் கரையில் சாய்வு இன்னும் குறைவு, இடைவெளி இன்னும் அதிகம்.

நேரில் போனால் உயர்நீர்க் கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. காய்ந்த பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் மேல் வரிசையைத் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் போனைக் கையில் பிடித்து, தடத்தைப் பதிவு செய்யும் செயலியை ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்து நடந்தால் போதும். திறந்த வானத்தில் போன் 3 முதல் 5 மீட்டர் வரை பிழையோடு காட்டும். கரைக்கோட்டுக்கு அது தாராளம்.

போக முடியாத இடங்கள் உண்டு. தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. அங்கே படம்தான் ஆதாரம். எடிட்டரில் தெரியும் பின்னணிப் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று முதலில் பாருங்கள். உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டரில் பின்னணித் தகவல் பலகையில் அது தெரியும். பல வருடம் பழைய படத்தைப் பார்த்து, அண்மையில் யாரோ சரியாகத் திருத்தியதை மீண்டும் பழையபடி ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அண்மை நிலவரத்துக்கு ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். தெளிவு 10 மீட்டர்தான், ஆனால் ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். அதில் 3ஆம் பட்டை பச்சை ஒளி, 8ஆம் பட்டை அகச்சிவப்புக்கு அருகில் உள்ள ஒளி. 3ஆம் பட்டையின் மதிப்பிலிருந்து 8ஆம் பட்டையின் மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் நீரில் பெரும்பாலும் பூச்சியத்துக்கு மேலும், நிலத்தில் கீழும் இருக்கும். நீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. ஈரச் சேறும் கலங்கல் நீரும் இதை ஏமாற்றும். ஆகவே காரங்காடு, மோர்ப்பண்ணை பக்கம் இந்த எண்ணை மட்டும் நம்பிக் கோடு போடாதீர்கள்.

ஒரே ஒரு நாள் படத்தையும் நம்பக் கூடாது. வைகாசி தொடங்கிக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை ஓங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் ஓங்கும். ஒரு பருவத்தில் போன மணல் மறு பருவத்தில் திரும்ப வந்து சேரலாம். இரண்டு பருவத்துக்கும் சேர்த்து மூன்று நான்கு படங்களை அடுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் நகர்ந்திருக்கும் இடத்தில் மட்டும் கோட்டை நகர்த்துங்கள். ஒரு படத்தில் மட்டும் தெரியும் மணல் முனையைக் கரைக்கோடாக்க வேண்டாம். அதை, நீரேற்றத்தில் மூழ்குவது என்று சொல்லும் டைடல் டேக்கோடு மணல் பரப்பாகவோ, ஆழமில்லாத திட்டு என்று சொல்லும் நேச்சுரல்=ஷோல் என்றோ தனியாக வரையலாம். ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கும் படத்தைப் பார்த்து, கோட்டை ஆற்றின் குறுக்கே இழுத்து அடைப்பதும் இதே வகைத் தவறு.

நகர்த்தும்போது பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரையாதீர்கள். இருக்கும் புள்ளிகளையே இழுத்து வையுங்கள், போதாத இடத்தில் புதுப் புள்ளி செருகுங்கள். அழித்தால் அந்தக் கோட்டின் வரலாறு முழுவதும் வேறு பொருளில் தங்கிவிடும். யார் எப்போது எந்த ஆதாரத்தில் வரைந்தார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். எந்த ஆண்டில் கரை எங்கே இருந்தது என்று ஒருநாள் யாரோ ஆராயும்போது, பதிப்பு வரலாறே அவருக்குத் தரவாகும். அரிப்பைப் பற்றிக் கவலைப்படும் யாரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தென்னந்தோப்பு, உப்பளம், ஊர் எல்லை எதையும் கரைக்கோட்டின் புள்ளிகளோடு ஒட்ட வேண்டாம். வாலிநோக்கம் உப்பளத்தின் வரப்பைச் சரிசெய்யப் போன ஒருவர், தெரியாமலே கடற்கரையையும் சேர்த்து இழுத்துவிடுவார். அலையாத்திக் காட்டில் கரைக்கோடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் வரைவோரிடையே பழக்கம் வேறுபடுகிறது. உயர்நீர் விதிப்படி பார்த்தால் காட்டின் நிலப்பக்கம். ஏற்கெனவே இருப்பது வேறாக இருந்தால், கடைசியாகத் தொட்டவரின் சேஞ்ச்செட்டில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

மூழ்கிப்போன தீவுக்கு என்ன செய்வது? சத்தமில்லாமல் அழிப்பது பிழை. அந்த இடம் இன்னும் ஆழமில்லாத திட்டாகக் கடலுக்குள் இருக்கிறது, மீனவர்கள் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். கரைக்கோடு டேக்கை எடுத்துவிட்டு, அதே கோட்டை ஷோல் அல்லது ரீஃப் (கடலடிப் பாறைத்திட்டு) என்று மாற்றி, பெயரை அப்படியே விடுங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்த தீவுக்குப் போடும் பிளேஸ்=ஐலெட் டேக்கையும் எடுத்துவிட வேண்டும்.

பாம்பன் பாலமும் இதே பாடம்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பருக்குப் பிறகு ரயில் ஓடவில்லை. பக்கத்திலேயே எழுந்த புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பழையதன் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து உயரும்படி கட்டியது. இரண்டுக்கும் பிரிட்ஜ்:மூவபிள் என்ற டேக் உண்டு: பழையதற்கு மதிப்பு பாஸ்க்யூல், புதியதற்கு லிஃப்ட். தண்டவாளத்துக்கும் வாழ்நாள் வரிசை இருக்கிறது. கட்டும்போது கன்ஸ்ட்ரக்ஷன், ஓடும்போது ரெயில், ஓடாமல் நிற்கும்போது டிஸ்யூஸ்டு, தண்டவாளத்தைக் கழற்றி எடுத்தும் தடம் தெரிந்தால் அபாண்டன்டு, தடமே இல்லாமல் போனால் ரேஸ்டு. பழைய கோட்டை இழுத்துப் புதுப் பாலத்தின் மேல் வைப்பது எளிது போலத் தெரியும், செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் 1914 பாலத்தின் வரலாறு 2025 பாலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவை இரண்டு வேறு பொருள்கள். அதோடு மண்டபம்–ராமேஸ்வரம் ரயில் தடத்தைக் குறிக்கும் ரிலேஷனில் பழைய கோட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் சரியான வரிசையில் செருகினால்தான் தடம் அறுபடாமல் இருக்கும். பழைய பாலத்தின் எந்தப் பகுதி நிற்கிறது, எது இல்லை என்று சாலைப் பாலத்திலிருந்து கண்ணால் பார்த்தே டேக்கை மாற்றுங்கள், செய்தித்தாளை வைத்து மாற்றாதீர்கள்.

தனுஷ்கோடிக்கு ஒரு வார்த்தை. இடிந்த தேவாலயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் ரூயின்ஸ் டேக் பொருத்தம். ஊரையே கைவிடப்பட்டது என்று குறிக்காதீர்கள். அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன.

தமிழ்ப் பெயர்களில் கணினிக்கு மட்டும் தெரியும் பிழைகள் பல. "ஸ்ரீ" என்பதை ஸ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டிய "கொ" ஒன்று, ஒரே குறியெண்ணில் வரும் "கொ" இன்னொன்று. யூனிகோடின் சீர்முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்றாலும் எல்லாச் செயலியும் அந்தச் சீர்முறையைச் செய்வதில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டுவதும், துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் தட்டுவதும் எந்தச் சீர்முறையாலும் சரியாகாது, ஆள்தான் பார்த்துத் திருத்த வேண்டும். வேறு எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் சேர்ந்து வரும். ஒட்டாமல் கையால் தட்டுங்கள்.

தமிழ்ப் பெயர் நேம் சாவியோடு டிஏ என்ற மொழிக் குறி சேர்ந்த டேக்கில் போக வேண்டும், ஆங்கிலப் பெயர் இஎன் சேர்ந்ததில். கீழக்கரைக்கு ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றை ஆல்ட் நேமில் சேர்த்தால், யார் எப்படித் தட்டினாலும் ஊர் கிடைக்கும். ராமநாதபுரம், இராமநாதபுரம் என்ற இரண்டுக்கும் இதே வழிதான். ஒன்றை அழித்து மற்றதை எழுதி மாற்றி மாற்றிச் சண்டை போடுவது வீண் வேலை. எந்த ஊருக்கு இன்னும் தமிழ்ப் பெயர் இல்லை என்று தரவைத் தேடித் தரும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் கேட்கலாம்: மாவட்ட எல்லைக்குள், பிளேஸ் டேக் உள்ள, நேம் இருந்து தமிழ் நேம் இல்லாத புள்ளிகள். வரும் பட்டியலை மொத்தமாக எழுத்துப்பெயர்ப்பு மென்பொருளில் போட்டு ஏற்றிவிடத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். ஆங்கில எழுத்திலிருந்து ல, ள, ழ எது என்று எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊர்ப் பலகையைப் பாருங்கள். பலகை இல்லாத குடியிருப்பில் டீக்கடையில் இருக்கும் பெரியவரிடம் "அண்ணாச்சி, இந்த ஊருக்குப் பேரு எப்படி எழுதுவாக?" என்று கேட்டால் எழுத்தோடு சேர்த்து, பக்கத்துக் குடியிருப்பின் பெயரும் கிடைக்கும்.

மொத்தமாக ஏற்றுவதன் விளைவுக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்கா. அங்கே 2007, 2008 ஆண்டுகளில் அரசின் சாலைத் தரவை அப்படியே கொட்டினார்கள். வரைபடம் ஒரே மூச்சில் நிரம்பியது, சாலைகள் வளைந்தும் விலகியும் கிடந்ததைத் தன்னார்வலர்கள் பல வருடங்கள் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது இயந்திரக் கற்றல் படத்தைப் பார்த்துச் சாலைகளைக் கணித்துத் தருகிறது. பயனுள்ள உதவிதான். ஆனால் நம் பக்கம் உப்பளப் பாத்திகளின் வரப்பும் கண்மாய்க் கரையும் வறண்ட வாய்க்காலும் மேலிருந்து பார்த்தால் மண்சாலை போலவே இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுப்பது உரிமச் சிக்கல், அது எவ்வளவு சரியாக இருந்தாலும் தொடக் கூடாது.

பின்னணிப் படம் சில மீட்டர் விலகியிருப்பதும் சகஜம். புதுப் படம் வந்ததும் அதற்கு ஏற்ப ஊர் முழுவதையும் நகர்த்திவிடுவார்கள். அதற்கு முன் நேரில் நடந்த தடங்களை எடிட்டரில் போட்டுப் பாருங்கள். சாலை தடத்தின் மேல் இருந்து படம் மட்டும் விலகியிருந்தால், நகர்த்த வேண்டியது படத்தை. தங்கச்சிமடம் போலத் தென்னை அடர்ந்த இடங்களில் வீட்டின் பாதி கூரை மரத்துக்குள் மறைந்திருக்கும். தெரியும் பகுதியை வைத்து ஊகித்து வரையாமல் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். தெருவில் நடக்கும்போது ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்கும்: இந்தத் தெரு சிமெண்டா, மண்ணா? இந்தப் பள்ளிவாசலின் பெயர் என்ன? முன்கூட்டியே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் பதில் தட்டலாம்.

வரையக் கூடாதவையும் உண்டு. உச்சிப்புளி கடற்படைத் தளத்தின் உள் அமைப்பு வேண்டாம். வீட்டில் குடியிருப்பவர் பெயர் வேண்டாம். இன்னொன்றைப் படகு வைத்திருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: இந்த வரைபடத்தைப் பார்த்துக் கடலில் வழி தேடாதீர்கள். ஆழமும் பாறையும் எல்லைக்கோடும் உயிர் சம்பந்தப்பட்டவை. அதற்கு டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடங்கள் இருக்கின்றன.

கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்க நல்ல இடம் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். ஒரு மடைக்கு ஒரு புள்ளி, டேக் வாட்டர்வே=ஸ்லூயிஸ் கேட். கலுங்குக்கு வாட்டர்வே=வெயர். கரையின் மேல் நடந்தபடி மடைக்கு மடை நின்று, போன் நிலைப்படும்வரை அரை நிமிடம் காத்திருந்து, ஒரு படம் எடுத்து, பாசனக்காரர்கள் அந்த மடைக்குச் சொல்லும் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மடையிலிருந்து புறப்படும் வாய்க்காலை நீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும், கோட்டின் திசைதான் ஓட்டத்தின் திசை. நீர்ப்பரப்புக்கு சில காலம் மட்டும் நீர் நிற்கும் என்று சொல்லும் இன்டர்மிட்டென்ட்=யெஸ் கட்டாயம். அது இல்லாவிட்டால் பங்குனியில் காய்ந்து கிடக்கும் கண்மாயைப் படத்தில் பார்ப்பவர், நீர் இல்லை என்று பரப்பையே அழித்துவிடுவார். உள்ளே மண்டியிருக்கும் சீமைக்கருவேலத்தைக் காடு என்று குறிக்காமல், கண்மாய்ப் பரப்புக்குள் தனிப் புதர்ப் பரப்பாக வரையுங்கள், வெட்டி எடுத்தபின் அதை மட்டும் நீக்கினால் போதும். நான்கு பேர் போனால் கரையை நான்காகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரும் தம் பங்கு மடைகளைத் தனித் தனி சேஞ்ச்செட்டாக ஏற்றலாம். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் வரைந்தவராக இருக்கக் கூடாது. மடையில் எண் பொறித்திருந்தால் அதை ரெஃப் டேக்கில் போடுங்கள். பொறிக்காத மடைக்கு நீங்களாக வரிசை எண் கொடுக்க வேண்டாம், ஊரார் எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.